1785: பிட்டின் அயர்லாந்து முன்மொழிவுகளும் உற்பத்தியாளர் கூட்டணியும்

கேள்வி:
பதினெட்டாம் நூற்றாண்டில் மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினரே கிடையாது. அப்படியிருக்க, அயர்லாந்துடன் வணிகத் தடைகளைத் தளர்த்தப் பிரதமர் வில்லியம் பிட் 1785-இல் கொண்டுவந்த முன்மொழிவுகளை, வெவ்வேறு ஊர்களில் தொழில் நடத்தியவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தது எவ்வாறு? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தமக்கென உறுப்பினர் இல்லாததே அவர்களை ஒன்றுசேர்த்த முதற்காரணம் என்பது என் கருத்து. பிட் 1784-இல் ஃபஸ்டியன் என்னும் தடித்த பருத்திக் கலப்புத் துணிக்கு விதித்த வரியை எதிர்த்து, தாமஸ் வாக்கர் முதலான மான்செஸ்டர் வணிகர்கள் போராடி, மறு ஆண்டே அதை நீக்கச் செய்தார்கள். அந்தச் சூட்டிலேயே, மட்பாண்டத் தொழிலின் ஜொசையா வெட்ஜ்வுட், பர்மிங்காமின் சாமுவேல் கார்பெட் போன்றோரின் முயற்சியால் உற்பத்தியாளர் பொதுச்சபை லண்டனில் உருவானது. ஊரில் இருந்தவர்கள் மனுக்களுக்குக் கையொப்பம் திரட்ட, லண்டனில் தங்கியவர்கள் உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். வெட்ஜ்வுட்டே நேரில் சென்று நாடாளுமன்ற விசாரணையில் சாட்சியம் அளித்தார். இடையறாத கடிதப் போக்குவரத்தே இரு தரப்பையும் இணைத்தது.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் வெற்றி முழுவதையும் சபையின் கணக்கில் எழுத இயலாது. எதிர்ப்பால் ஏற்பட்ட திருத்தங்களால் முன்மொழிவுகள் இருபதாகப் பெருகின. பிரிட்டனின் வணிக, கப்பல் சட்டங்களை அயர்லாந்தும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனை டப்ளினில் கடும் சினத்தை மூட்டியதால், ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சுடன் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அயல்நாட்டுச் சந்தையை எதிர்பார்த்த பருத்தி, இரும்பு, மட்பாண்டத் தொழிலினர் அதை வரவேற்றார்கள். போட்டிக்கு அஞ்சிய பழைய தொழிலினரோ எதிர்த்தார்கள். 1787-இல் சபை பிளவுபட்டது.

மறுமொழி 3:
இம்முறைக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆவணங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி விதித்த முத்திரைச் சட்டத்தால் அமெரிக்க வணிகம் தேங்கியபோது, லண்டன் வணிகர்கள் 1765 டிசம்பரில் பார்லோ டிரெகோதிக் தலைமையில் குழு அமைத்து, துறைமுக நகரங்களுக்கும் தொழில் நகரங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்கள். பிரதமர் ராக்கிங்காமுடன் கலந்து பேசியே இதைச் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆட்சியிலிருந்தவருக்கே அந்த மனுக்கள் தேவைப்பட்டன. குடியேற்றங்களின் மீது வரி விதிக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்குக்குள் நுழையாமல், நின்றுபோன கொள்முதலையும் வாராக் கடனையும் வேலையிழந்தோரையும் மட்டுமே எடுத்துரைத்தார்கள். உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாத உறுப்பினர்களும் இதனால் மனச்சங்கடமின்றி வாக்களிக்க முடிந்தது. 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது.