ஏற்காட்டில் கேரவன்: ராத்திரி 2 மணிக்கு இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிடுகிறது, அவசரம்

நாகலூர்_வண்டி (இரவு 2:50)
வணக்கம். குடும்பத்தோடு வண்டியில் ஏற்காடு வந்து இது மூன்றாவது ராத்திரி. மூன்று நாளும் ஒரே கதை. 2 மணி வாக்கில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்துகிறது, அப்புறம் எல்லாம் அணைந்துவிடுகிறது. வருவதற்கு முன்னால் சேலத்தில் வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. போனது இன்வெர்ட்டரா, பேட்டரியா? அம்மாவும் கூட இருக்கிறார்கள், குளிர் தாங்கவில்லை. போனில் 9 சதவீதம்தான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

டியூப்லைட்_தம்பி (3:05)
பேட்டரி எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு)? உள்ளே என்னென்ன ஓடுகிறது? சோலார் உண்டா? அண்ணா, இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சாக்குப்பை (5:40)
குளிர்தான் சார். பேட்டரியில் போட்டிருக்கும் ஏ.எச். 27 டிகிரிக்கான கணக்கு. டிசம்பர் ராத்திரி ஏற்காட்டில் அது நிற்காது. சாக்கு சுற்றி வையுங்கள்.

பன்னிரண்டு_வோல்ட் (6:15)
10 டிகிரியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும். சாக்கு சுற்றினால் அந்த ஒரு பங்குதான் திரும்பும், அதனால் மட்டும் ராத்திரி தாண்டுமா? இந்தக் கேள்விக்கு நான் குறைந்தது நாலு முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. வண்டிக்குத் திரைச்சீலை தைக்கத் தெரிகிறது, கூட்டல் கணக்குப் போடத் தெரியவில்லை.

நாகலூர்_வண்டி (7:30)
மன்னிக்கவும், இப்போதுதான் டீக்கடையில் சார்ஜ் போட்டேன். 150 ஏ.எச். டியூபுலர் ஈய பேட்டரி, வீட்டில் இருந்ததுதான். சோலார் 200 வாட். ஓடுவது எல்லாம் சின்னச் சின்னது: லைட், சின்ன ஃப்ரிட்ஜ், இரண்டு எலக்ட்ரிக் போர்வை.

பன்னிரண்டு_வோல்ட் (7:45)
சின்னச் சின்னதா? 150 ஐ 12 ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், ஆக 900. போர்வை ஒன்று 60 வாட் என்று வைத்தாலும் இரண்டு போர்வை, ஆறு மணி நேரம், 720. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 15 வாட் தின்னும். ஃப்ரிட்ஜை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

லித்தியம்_பிரியன் (8:02)
ஈயத்தைத் தூக்கிப் போடுங்கள். லித்தியம் ஒன்றுதான் வழி.

டியூப்லைட்_தம்பி (8:04)
அண்ணா, அவர் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் நிற்கிறார். லித்தியம் காப்பிச் செடியில் காய்க்குமா?

பழைய_வயர்மேன் (8:30)
தம்பி, மூன்று கேள்வி. ஒன்று, சேலத்தில் வாசலில் நிறுத்தியபோது வீட்டுப் பிளக்கில் சொருகியிருந்தீர்களா? இரண்டு, இப்போது வண்டி நிற்பது சில்வர் ஓக் நிழலிலா? மூன்று, ராத்திரி 2 மணிக்கு எழுந்து என்ன செய்கிறீர்கள்?

நாகலூர்_வண்டி (9:10)
ஆமாம் ஐயா, சொருகித்தான் இருந்தது. நிழலில்தான் நிற்கிறது, பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் வேறு. 2 மணிக்கு அம்மா குளிருகிறது என்பார்கள். ஹீட்டர் போடுவேன். 800 வாட் சின்ன ஹீட்டர். பத்து நிமிஷம்தான், அதனால் எழுதவில்லை.

பழைய_வயர்மேன் (9:25)
அதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும்! சேலத்தில் ஓடியது உங்கள் பேட்டரி இல்லை, வீட்டு மீட்டர். இங்கே பனியிலும் நிழலிலும் சோலார் ஒப்புக்குத்தான். மலை ஏறிய ஒரு மணி நேரத்தில் டைனமோ கொஞ்சம் ஏற்றியிருக்கும், அவ்வளவுதான். பாதிப் பேட்டரியோடுதான் ராத்திரியை ஆரம்பிக்கிறீர்கள். அதில் 800 வாட் போட்டால் 12 வோல்ட் பக்கம் 80, 90 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் மீட்டர் இருந்தால் ஹீட்டர் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு முறை, இன்வெர்ட்டர் முனையில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

கரிச்சட்டி (9:40)
எதற்கு இத்தனை கணக்கு? இரும்புச் சட்டியில் கரி போட்டு வண்டிக்குள் வைத்தால் விடியும்வரை கதகதப்பாக இருக்கும். எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தான்.

பழைய_வயர்மேன் (9:43)
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உங்கள் தாத்தா வீட்டில் ஓட்டுச் சந்து இருந்தது. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் வாசமே தெரியாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். இன்னொன்று, டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அது படுக்கைக்கு அடியில் இருந்தால் வெளியே போக வழி வையுங்கள்.

நாமக்கல்_டீசல் (10:10)
ராத்திரி ஒரு மணி நேரம் இஞ்சினை ஓட விட்டால் பேட்டரி ஏறிவிடுமே?

காப்பிக்கொட்டை (10:22)
ஓட விடுங்கள், விடுங்கள். போன வருஷம் எங்கள் எஸ்டேட் வாசலில் ஒருவர் விடிய விடிய அப்படித்தான் செய்தார். நாய்கள் ஊளை, வண்டிக்குள்ளும் புகை. ஐடிலிங்கில் டைனமோ கொடுப்பதும் கொஞ்சம்தான். இவர்கள் எல்லாம் அடிவாரம் வழியாக ஏறி 20 கொண்டை ஊசியிலும் நின்று நின்று வருகிறவர்கள்.

நாமக்கல்_டீசல் (10:30)
அடிவாரம் வழிதான் நல்ல ரோடு. குப்பனூர் வழியில் பெரிய வண்டி கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்.

காப்பிக்கொட்டை (10:34)
வாரம் இரண்டு முறை போகிறேன், லோடோடு. தெரியாமலா சொல்கிறேன்?

பன்னிரண்டு_வோல்ட் (10:50)
இது மின்சாரம் பேசும் இழை. ரோடு பேச வேறு இடம் இருக்கிறது.

நாமக்கல்_டீசல் (10:52)
உங்களை யார் தலைவராக்கியது?

நாகலூர்_வண்டி (11:40)
டீக்கடைக்காரர் மகன் மீட்டர் கொடுத்தார். ஹீட்டர் ஓடும்போது பேட்டரியில் 11.2, இன்வெர்ட்டரில் 10.3. உடனே கத்தியது.

பழைய_வயர்மேன் (11:55)
பார்த்தீர்களா? 10.5 வாக்கில் அது கத்தத்தான் செய்யும். இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. நடுவில் 0.9 வோல்ட் கம்பியிலேயே போகிறது. 80 ஆம்பியரில் அது 70 வாட்டுக்கு மேல், உங்கள் கம்பியே ஒரு ஹீட்டர். வயர் 6 ஸ்கொயர் எம்.எம். ஆக இருக்கும், இல்லை லக் (வயர் நுனியில் முடுக்கும் உலோக முனை) லூசாக இருக்கும். ஓட்டத்தை நிறுத்தி லக்கைத் தொட்டுப் பாருங்கள், ஓடும்போது வேண்டாம். 35 ஸ்கொயர் வயர் போட்டு, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள். அதுவரை ஹீட்டரைத் தொடாதீர்கள். அம்மாவுக்கு வெந்நீர்ப் பை கொடுங்கள். போர்வையைப் படுப்பதற்கு முன் அரை மணி சூடாக்கி அணைத்துவிடுங்கள், பை கொடுத்தபின் போர்வை சுவிட்சைப் போட வேண்டாம்.

பன்னிரண்டு_வோல்ட் (12:10)
கம்பி சரி. ஆனால் நான் சொன்ன கணக்கும் சரிதான் என்பதைக் கவனிக்கவும்.

நாகலூர்_வண்டி (மறுநாள் காலை 9:20)
நேற்று ராத்திரி தாண்டியது. நெகட்டிவ் லக் கையால் ஆட்டினால் ஆடியது, வயர் உறை கறுத்து உருகியிருந்தது. முறுக்கி வைத்தேன். இரண்டு வெந்நீர்ப் பை, அம்மா நன்றாகத் தூங்கினார்கள். காலையில் 12.0. ஐயாவுக்கு ரொம்ப நன்றி. இறங்குகிறோம், சேலத்தில் வயர் மாற்றணும்.

சாக்குப்பை (9:41)
சாக்கு சுற்றினீர்களா?

நாமக்கல்_டீசல் (9:50)
எந்த வழியாக இறங்குகிறீர்கள்?