பறக்கும் காரா, வான் டாக்சியா, நேரெழு ஊர்தியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கான அறிவியல் துணைநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கடைசிப் பாடம் ‘ஏர் டாக்சி’. ‘பறக்கும் கார்’ என்றே எழுதிவிடலாம் என்று தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். மூலநூல் இரண்டையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. சாலையில் ஓடி வானிலும் பறப்பது ஒரு வகை. 2021இல் ஸ்லோவாக்கியாவில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கியதும் சிறகை மடித்துக்கொண்டு சாலையில் போன ஏர்கார் அந்த வகை. சாலைக்கே வராமல், நின்ற இடத்திலிருந்து மின்விசையால் மேலெழுந்து ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவது இன்னொரு வகை. பாடம் முழுக்க இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விமானம் தரையில் மெல்ல உருண்டு ஓடுதளத்துக்குப் போவதையும் ஆங்கிலத்தில் டாக்சி என்றே சொல்கிறார்கள். ஒரே பத்தியில் இரண்டு டாக்சியும் வருகின்றன.

நான் குறித்து வைத்தவை: வான் டாக்சி, வாடகை வானூர்தி, வானுந்து, பறவுந்து. உங்கள் கருத்து தேவை.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

தம்பி, பறவுந்து புணர்ச்சியில் பிழையில்லை. பற என்னும் வினையடியோடு உந்து சேர்ந்த வினைத்தொகை, வகரம் உடம்படுமெய். ஆனால் காதில் விழும்போது பறவையின் திரிபு போலக் கேட்கிறது. வானுந்து வேண்டவே வேண்டாம். வானூர்திக்குப் பக்கத்தில் அச்சிட்டால் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள்.

வான் டாக்சியை நான் ஏற்கமாட்டேன். சேர்த்து எழுதினால் னகர மெய்யை அடுத்து டகரம் வருகிறது. அந்த மெய்ம்மயக்கம் தமிழில் இல்லை. பிரித்து எழுதினால் டகரம் மொழிமுதலாகிறது, அதுவும் இல்லை. வாடகையும் ‘பாடக’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததென்பர். கூலி நம் சொல். கூலியூர்தி என்று சொல்லிப் பாருங்கள்.

வகுப்பாசிரியர் எழுதியது:

ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். கூலியூர்தி என்று கரும்பலகையில் எழுதினால், கூலியாட்களை ஏற்றிப்போகும் வண்டி என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். சொல் தூய்மையாக இருந்து பொருள் தவறாகப் போனால் என்ன பயன்? ஏர் டாக்சி என்று அவர்களே சொல்கிறார்கள். அதில் பாதியைத் தமிழாக்கினாலே எனக்குப் போதும்.

அப்புறம் ஒரு ஐயம். ஊர்தல் என்றால் தவழ்தல் அல்லவா? ‘ஊர்வன, பறப்பன’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பறப்பதற்கே ஊர்தி என்று பெயர் வைப்பது எப்படி?

இலக்கண ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. ஊர்தல் தவழ்தல் மட்டுமன்று. ஏறிச் செலுத்துதலும் ஏறிச் செல்லுதலும் ஊர்தலே. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்கிறது குறள். அங்கே ஊர்ந்தவன் தன் காலை அசைக்கவேயில்லை, பல்லக்கில் உட்கார்ந்திருந்தான். ஆக, பிறர் கொண்டுபோக நாம் அமர்ந்து செல்வது ஊர்தி. நீங்கள் பேசும் இந்தப் பொறிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது?

புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறார். வலவன் என்றால் செலுத்துபவன். நல்வினை செய்தோர் விண்ணுலகம் போகும் ஊர்தி அது. செலுத்துவோன் இல்லாமலே போகும்.

விமானப் பொறியாளர் எழுதியது:

ஐயா, அந்த வரி எங்கள் துறைக்கு இன்று நேராகவே பயன்படும். 2023 அக்டோபரில் சீன விமானத் துறை இ-ஹாங் நிறுவனத்தின் ஊர்திக்கு வகைச் சான்றிதழ் (அந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்ற ஒப்புதல்) கொடுத்தது. இரண்டு பேர் அமரலாம், மேலே தூக்க 16 சுழலிகள் (சுழலும் விசிறிகள்), உள்ளே விமானி கிடையாது. அதை ‘ஆளில்லா’ என்று எழுதுவது தவறு, உள்ளே ஆள் இருக்கிறார். வலவனில்லா ஊர்தி என்றால் சரி. இந்தச் சொல்லைக் கட்டாயம் வைத்துக்கொள்வோம்.

ஆனால் ‘கார்’, ‘டாக்சி’ இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. தூய்மைக்காகச் சொல்லவில்லை. கார் நின்றுபோனால் ஓரமாக ஒதுக்கலாம் என்பது அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. வானத்தில் ஓரம் கிடையாது. 1973இல் மைசார் என்ற முயற்சி நடந்தது. ஃபோர்ட் பிண்ட்டோ காரின் மேல் செஸ்னா விமானத்தின் சிறகைப் பூட்டினார்கள். பறக்கும்போது சிறகுத் தாங்கி கழன்று, வடிவமைத்தவரும் உடனிருந்தவரும் இறந்தார்கள். பறக்கும் கார் என்ற கனவுப் பெயரைப் பாடத்தில் வைத்தால், இந்தக் கதையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பொறியின் இயல்பையும் பாருங்கள். ஹெலிகாப்டரில் இயந்திரம் நின்றாலும், கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்றே பெரிய சுழலியைச் சுழற்றும். தேர்ந்த விமானி அதை வைத்தே இறக்கிவிடுவார். அலகின் (விசிறி இதழின்) கோணத்தை மாற்ற முடியாத பல சிறு சுழலிகள் கொண்ட ஊர்தியில் அந்த வழி இல்லை. சிறகுள்ள வகை முன்னோக்கிப் பறக்கும்போது மிதந்து இறங்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு வேகமும் போதாது, உயரமும் போதாது. அதனால்தான் ஒரு மோட்டார் போனால் மற்றவை தாங்க வேண்டும், ஒரு மின்கலம் போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று கட்டுகிறார்கள். நகர் மேல் பயணிகளோடு பறக்கும் வகைக்கு, பேரழிவான பழுது 100 கோடிப் பறப்பு மணிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய விதி. பெரிய பயணிகள் விமானத்துக்கும் இதே அளவுகோல்தான். எரிபொருள் கணக்கும் இறுக்கமானது: ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல், ஒரு கிலோ மின்கலத்தில் 250 அளவில். இறங்கும் இடத்தில் தடங்கல் என்றால் வட்டமடித்துக் காத்திருக்க அதிக நேரம் இல்லை.

எனக்கு இதில் நம்பிக்கையும் உண்டு. ஹெலிகாப்டரைவிடச் சத்தம் மிகக் குறைவு. தேறிவிட்டால் அவசர நோயாளிக்கு உதவும், பாலம் போட முடியாத இடத்துக்கும் போகும். அதற்காகத்தான் பெயர் நேர்மையாக இருக்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் இவற்றை ஓட்டும் விமானிகளுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டார்கள். அவர்களே தனி வகை என்று ஒப்புக்கொண்டதை நாம் டாக்சி என்று சுருக்க வேண்டுமா?

என் பரிந்துரை நேரெழு ஊர்தி. ‘வாடகை வானூர்தி’ வேண்டாம். மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் விமானத்துக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது.

வகுப்பாசிரியர் எழுதியது:

விளக்கம் மனதில் நிற்கிறது, ஐயா. ஆனால் ‘நேரே போ’ என்றால் பிள்ளைகள் முன்னால்தான் நடப்பார்கள், மேலே பார்க்க மாட்டார்கள். செங்குத்தெழு ஊர்தி என்றால் தெளிவு.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

நீளம் கூடுகிறது. நேரெழு நல்ல வினைத்தொகை. சேர்த்தெழுதினால் நேரெழுவூர்தியா, நேரெழூர்தியா என்று கேட்பீர்கள். எழு என்பதில் உள்ளது முற்றியலுகரம். வகரமும் பெறும், சில இடத்தில் குற்றியலுகரம் போலக் கெடவும் செய்யும். இரண்டும் சரி.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி, விசையை வலமாகத் திருகினால் மேகத்தைப் பிளந்து எழும். இடமாகத் திருகினால் இறங்கிக் கால்குவித்து இருக்கும். ஓடுதளமே இல்லை. நீங்கள் தேடும் ஊர்தி இதுதானே? மஞ்ஞை என்றால் மயில்; பொறிமஞ்ஞை என்று பெயரிட்டால் என்ன?

விமானப் பொறியாளர் எழுதியது:

மஞ்ஞை பாடத்துக்கு ஆகாது, ஐயா. ஆனாலும் அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறோர் இடம். பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்கி விழுகிறாள். பொறி தானே இறங்கிச் சுடுகாட்டில் அமர்கிறது. செலுத்துபவர் மயங்கினால் ஊர்தி என்ன செய்ய வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதைத்தான் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இறங்கும் இடம் சின்ன விஷயமில்லை. 1977இல் நியூயார்க்கில் பான் ஆம் விமான நிறுவனக் கட்டட மாடியில் இறங்கிச் சுழலி ஓடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரின் சக்கரத் தாங்கி முறிந்து 5 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழே தெருவில் நடந்துபோனவர். பாடத்தில் பயணியோடு அவரையும் நினைத்து ஒரு வரி எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றி. இன்று வியாழன், இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. இப்படிப் போகிறேன். பொறிக்கு நேரெழு ஊர்தி; முதல் முறை வரும்போது ‘செங்குத்தாக மேலெழும் ஊர்தி’ என்ற விளக்கம். சேவைக்கு வான் டாக்சி, பிரித்தே எழுதுகிறேன். விமானி இல்லாததற்கு வலவனில்லா ஊர்தி. சாலையிலும் ஓடுவதற்கு மட்டும் பறக்கும் கார். தரையில் மெல்லப் போவதற்குத் தரையுருள்வு. ஏறி இறங்கும் இடத்துக்கு ஏறிறங்கு தளம். தெருவில் நடந்துபோனவருக்கு ஒரு பத்தியே எழுதிவிட்டேன்.

வகுப்பாசிரியர் எழுதியது:

எனக்குச் சம்மதம். நேரெழு மட்டும் வகுப்பில் எப்படி எடுபடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

வலவனில்லா ஊர்திக்கு மகிழ்ச்சி. வான் டாக்சிக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் வேறு சொல் கிடைத்தால் அனுப்புகிறேன்.