குட்டை அதிகம், மெலிவு குறைவு: நாட்டுக்கு நாடு கணக்கு ஏன் இப்படி?

முகிலன்77 (கேள்வி):
குவாத்தமாலாவின் 2014-15 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 46.5% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், அதாவது 'குட்டை'. உயரத்துக்கேற்ற எடை இல்லாத மெலிந்தவர்களோ 1%கூட இல்லை. இந்தியாவில் 2019-21இல் குட்டை 35.5%, மெலிவு 19.3%. சாப்பாடு போதவில்லை என்றால் இரண்டும் சேர்ந்துதானே ஏறணும்? அங்குள்ள பழங்குடிகளான மாயா மக்கள் பரம்பரையாகவே குள்ளம் என்கிறார்களே, அவர்களை நார்வே குழந்தையோடு ஒப்பிடுவது நியாயமா?

செங்காந்தள்:
பரம்பரை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரம் நார்வே தரம் அல்ல. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்த, வசதிக்குக் குறையில்லாத வீட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது. ஆறு இடத்திலும் வளர்ந்த விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நின்றபடி அளந்தால் இரண்டு வயதுப் பையனின் நடு அளவு 87.1 செ.மீ., 'குட்டை' கோடு 81.0. பெண்ணுக்கு 85.7, 79.3. நன்றாக வளரும் கூட்டத்திலும் 2.3% பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் உயரம் காரணமாக இருக்கலாம். பாதிப் பேர் கீழே விழுந்தால் மரபணுமேல் பழி போட முடியாது. அம்மா குள்ளமாக இருப்பதற்கே அவளுடைய சின்ன வயதுச் சாப்பாடு காரணமாக இருக்கும்.

முரண்பாட்டுக்கு வருவோம். மெலிவு சில வாரங்களில் வரும், போகும். குட்டை என்பது கருவிலிருந்து இரண்டு வயது வரை சேர்ந்த பாக்கி. மெலிவைக் கணக்கிடும்போது எடையை அந்தக் குழந்தையின் சொந்த உயரத்தோடுதான் ஒப்பிடுகிறோம். சோளமே பிரதானமான சாப்பாட்டில் கலோரி கிடைத்துவிடும். நல்ல புரதமும் துத்தநாகமும் கிடைக்காது. உயரம் வளராமல் நின்றுவிடும், எடை அந்த உயரத்துக்குப் பொருந்திப் போகும். பார்த்தால் ஒரு வயது குறைந்த ஆரோக்கியமான குழந்தை மாதிரியே இருக்கும். தெற்காசியாவில் பலர் பிறக்கும்போதே எடை குறைவு, அதனால் மெலிவு முதல் மாதங்களிலேயே தெரிகிறது.

அளவுப்பலகை:
சதவீதத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளக்கணும். நிற்க வைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டணும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தலையை நிலைப்பலகையில் ஒட்டிப் பிடிக்கணும், மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, நகரும் பலகையைப் பாதத்தில் சேர்க்கணும். முழங்கால் மடங்கியிருந்தால் குழந்தை காகிதத்தில் குட்டையாகிவிடும். கொண்டையோடு அளந்தால் நெட்டை. இரண்டு முறை அளந்ததில் 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கணும்.

உயரத்தைவிட மோசம் வயது. பிறந்த தேதி தெரியாமல் '2 வயசு' என்று எழுதுவார்கள். அந்த வயதில் ஒரு மாதம் தப்பினால் ஏறக்குறைய 1 செ.மீ. பிசகு, அதாவது ஒரு திட்டவிலக்கத்தில் (குழந்தைகளின் உயரம் நடு அளவிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) மூன்றில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட பிசகு பரவலை இரண்டு பக்கமும் அகட்டும், குட்டைச் சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

முகிலன்77:
சரி, சத்து பாக்கெட் கொடுத்தால் உயரமும் வந்துவிடுமா?

செங்காந்தள்:
வராது. மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே, அல்லது இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம்: இப்படிப்பட்ட கடும் ஊட்டக்குறைவுக்குத்தான் 92 கிராமில் 500 கலோரி தரும் அந்தக் கடலைப் பசை. உயிரைக் காப்பாற்றும் மருந்து அது, வளர்க்கும் மருந்து அல்ல.

உயரத்துக்குத் தாயின் கர்ப்பகாலமும் ஆறு மாதத்துக்குப் பிந்தைய இணை உணவும்தான் வழி. தாய்ப்பாலோடு 6-8 மாதத்தில் தினம் 200 கலோரி, 9-11இல் 300, 12-23இல் 550 வேண்டும். வயிறு கொள்வது ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. அளவுதான், 8 கிலோ குழந்தைக்கு 240. தண்ணியான கஞ்சி ஊற்றினால் வயிறு நிறையும், கணக்கு நிறையாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும், கூடவே முட்டை, மீன், பால், பருப்பில் ஏதாவது ஒன்று.

அளவுப்பலகை:
கழிப்பறை கட்டினால் போதும் என்றும் நம்ப வேண்டாம். வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்த பெரிய ஆய்வுகளில் வீட்டளவில் கழிப்பறை, கைகழுவல், குடிநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் செய்தும் உயரம் மாறவில்லை. உணவு சேர்த்த குழுக்களில் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். பெருவில் குட்டை 2008இல் சுமார் 28% இருந்தது, 2016இல் சுமார் 13% ஆனது. அங்கே வளர்ச்சிப் பரிசோதனைக்குக் குழந்தையைக் கூட்டிவரும் ஏழைத் தாய்க்குப் பணம் கொடுத்தார்கள், பலனைப் பார்த்து நிதி ஒதுக்கினார்கள்.