பால்கோயிலை அளக்காமல் ஸ்டுடியோ மார்க் போடுவது எப்படி?

ஆர்க்கிடெக்சர் பாடம் எடுப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். மூன்றாம் ஆண்டு டிசைன் ஸ்டுடியோவுக்கு ஊட்டி பக்கம் தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) ஒன்றை எடுத்திருக்கிறோம், டிசம்பரில் ஜூரி (வெளி எக்ஸாமினர் முன் மதிப்பீடு). பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என்று அளந்து வரைந்த ஷீட்டுக்குத்தான் பாதி மார்க். ஆனால் பால்கோயிலுக்குள் (எருமைப்பால் கடையும் அவர்களுடைய கோயில்) பூசாரியைத் தவிர யாரும் போகக்கூடாது, சுற்றியுள்ள கல்சுவரைத் தாண்டி டேப் வரவே கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், அதில் பேரம் பேசுவதாக இல்லை.

மாணவர்களை வெளியிலிருந்து ஸ்கெட்ச் போடச் சொன்னேன், வந்ததெல்லாம் அரைப்பீப்பாய் கூரை வைத்த ரிசார்ட் காட்டேஜ். அப்புறம் மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி மாடல் செய்ய வைத்தேன். கை பழகியது, ஆனால் வீட்டு வாசல் ஏன் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்னது என்றால் 'குளிருக்கு சார்' என்பதோடு சரி. கடைசியாக எருமை மேயும் பாதை, ஓடை, கூரைப்புல் கிடைக்கும் சதுப்பு எல்லாம் சேர்த்து ஒரு மேப் போட்டோம், பெரியவர் ஒருவரே கூட நடந்து வந்து, சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் நட்டதில் எந்தப் புல்வெளி போனது என்று காட்டினார். உருப்படியாக வந்தது இதுதான், மார்க் ஷீட்டில் இதற்குக் கட்டமே இல்லை. துறையில் கேட்டால் சிலபஸைக் காட்டுகிறார்கள்.

அளவு வரைபடம் இல்லாமல், இப்படி ஒரு மேப்பையும் ஊர்ப் பெரியவர்களின் கருத்தையும் வைத்து வெளி எக்ஸாமினரை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் இருந்தால், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு மார்க் என்று பிரித்தீர்கள்?