மறுமொழி: ‘அனுமதித் திட்டம்’ வேண்டாம், ‘அனுமதி அட்டவணை’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குழுவாகப் பணிகளைப் பதிந்து பின்தொடர உதவும் மென்பொருளான ஜிராவில், யார் எதைச் செய்யலாம் என்று வகுக்கும் ‘பெர்மிஷன் ஸ்கீம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று தொடங்கிய இழையில் அனுமதித் திட்டம், உரிமைத் திட்டம், அதிகார வரைவு, இசைவுத் தொகுப்பு என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. முதலாவதையே ஏற்றுக்கொண்டு இழையை முடித்துவிடலாம் என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் என் எதிர்ப்பைப் பதிய வேண்டும். ஓசை பிடிக்காததால் எதிர்க்கவில்லை. அந்தச் சொல்லைப் பயன்படுத்தி அதன் விளைவை நேரில் பார்த்தவன் என்பதால் எதிர்க்கிறேன்.

முன்பு வேலை செய்த இடத்தில், ஜிரா நிர்வாகத்தைப் புதிதாக ஏற்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினேன். “திட்டத்தின் அனுமதித் திட்டத்தைத் திறந்து தேவையான மாற்றங்களைச் செய்யவும்” என்பது அதில் ஒரு வரி. ஒரு வாடிக்கையாளரின் ஆட்கள் தங்கள் திட்டத்தின் பணிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, புதிய நிர்வாகி அந்த வரியின்படியே நடந்தார். பக்கத்தைத் திறந்தார், ‘பிரவுஸ் புராஜெக்ட்ஸ்’ என்ற அனுமதியை வாடிக்கையாளர் குழுவுக்கு வழங்கினார், மூடினார். அதே ஸ்கீமை வேறு ஆறு திட்டங்களும் பயன்படுத்திக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் அந்த வாடிக்கையாளரே தொலைபேசியில் அழைத்து, இன்னொருவருடைய பணிப்பட்டியல் தன் திரையில் தெரிகிறது என்றார். நல்ல மனிதர், உடனே சொல்லிவிட்டார்.

நிர்வாகியிடம் கேட்டேன். “திட்டத்தின் அனுமதித் திட்டம் என்றுதானே எழுதியிருக்கிறது? என் திட்டத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்தேன்” என்றார். அவர் வாசித்ததில் பிழையே இல்லை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் உடைமை. திட்டத்தின் உடைமை என்று நான் எழுதினேன், உடைமை என்றே அவர் புரிந்துகொண்டார். பிழை என் வரியில் இருந்தது.

ஆகவே சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜிராவில் இந்த ஸ்கீம் எந்தத் திட்டத்துக்குள்ளும் இருப்பதில்லை. வெளியே, நிர்வாகப் பகுதியில் தனியாக இருக்கிறது. அதில் ஒரு பக்கம் அனுமதிகளின் பெயர்கள்: திட்டத்தைப் பார்த்தல், பணியை உருவாக்குதல், திருத்துதல், நிலைமாற்றுதல், ஸ்பிரிண்டுகளை (குழு தன் வேலையைப் பிரித்துக்கொள்ளும் குறுகிய காலச் சுற்றுகளை) மேலாளுதல் என வரிசையாக வரும். எதிரே, ஒவ்வொன்றும் யாருக்கு என்ற விவரம். திட்டங்கள் இந்த ஸ்கீமுடன் இணைக்கப்படுகின்றன. ஒன்றுடன் ஒரு திட்டமும் இணையலாம், நூறு திட்டங்களும் இணையலாம். ஒரு வரியை மாற்றினால், இணைந்துள்ள அத்தனை திட்டங்களிலும் அந்தக் கணமே மாறும். (குழுக்கள் தாமே மேலாளும் திட்ட வகைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அவற்றின் அனுமதிகள் அந்தந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கும். நான் பேசுவது நிறுவனம் மேலாளும் வகையைப் பற்றி.)

பொதுவில் இருப்பது, பலருக்கும் பொருந்துவது, வரிசையாக வகுக்கப்பட்டது: இந்த மூன்றையும் சொல் காட்ட வேண்டும். ‘திட்டம்’ எதையும் காட்டவில்லை. அது போதாதென்று, புராஜெக்ட், பிளான், ஸ்கீம் ஆகிய மூன்று வேறு பொருள்களைத் தமிழ்நாட்டு வழக்கில் அந்த ஒரே சொல் சுமந்துகொண்டிருக்கிறது. செய்தித்தாளில் ‘மதிய உணவுத் திட்டம்’, ‘மெட்ரோ ரயில் திட்டம்’, ‘ஐந்தாண்டுத் திட்டம்’ என்று படிக்கும்போது குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் அவை ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்வதில்லை. திட்ட மேலாண்மை மென்பொருளில் மூன்றும் ஒரே திரையில் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர், “அனுமதித் திட்டம் என்பதில் எனக்கு எந்த நெருடலும் தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் விளங்கியது. இலங்கையில் புராஜெக்ட் என்பது கருத்திட்டம் அல்லது செயற்றிட்டம். “கருத்திட்டத்தின் அனுமதித் திட்டம்” என்று அவர் படிக்கும்போது இரண்டும் இரண்டு சொற்களாகவே நிற்கின்றன. அவர் காதுக்கு நெருடாததும் என் காதுக்கு நெருடுவதும் ஒன்றுபோல் நியாயமானவை. இடைமுகத் தமிழ் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டுமானால், இரு கரையிலும் மோதாத சொல்லைத்தான் தேட வேண்டும். நண்பருக்கு நன்றி. அவர் மடல் வராதிருந்தால் இந்தக் கோணம் எனக்குத் தோன்றியிருக்காது.

முன்பாதியான ‘பெர்மிஷன்’ என்பதற்கு அனுமதியே போதும். கைபேசிகளில் ‘அனுமதிகள்’ என்று பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்டோம். ‘உரிமை’ என்று வாதிட்டவர்களுக்கு என் பதில்: வாக்குரிமை, சொத்துரிமை, வாரிசுரிமை என்று நாம் சொல்லும்போது, அது அவருக்கே உரியது, பறித்தால் வழக்குத் தொடுக்கலாம் என்ற எண்ணம் கூடவே வருகிறது. மென்பொருளில் பயனர் வெறுங்கையோடு நுழைகிறார். தரப்பட்டது மட்டுமே அவரிடம் இருக்கிறது, தந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இது அனுமதியின் இயல்பு.

சோழர் கல்வெட்டுகளில் வரும் காராண்மை, மீயாட்சி ஆகிய சொற்களை ஒருவர் நினைவூட்டியிருந்தார். படித்தபோது உள்ளம் நிறைந்தது. ஒரே நிலத்தின்மேல் பயிரிடும் உரிமை காராண்மை, அதற்கு மேலான ஆட்சியுரிமை மீயாட்சி. ஒரே பொருளின்மேல் அடுக்கடுக்காக வெவ்வேறு உரிமைகள் இருக்கக்கூடும் என்பதைத் தமிழ் எவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது! ஆனால் அவை ஆள்பவரிடமே நிலைத்து நிற்கும் உரிமைகள். ஜிராவில் பணியைத் திருத்தும் அனுமதியை நான் என் மகனுக்கு விட்டுச்செல்ல முடியாது. அந்தச் சொற்களை நிலவுரிமைக்கே விட்டுவைப்போம்.

இனி பின்பாதி. ‘தொகுப்பு’ என்றால் அனுமதிகள் மட்டும் சேர்ந்த கட்டு என்று பொருள்படும். யாருக்கு என்ற பாதி விடுபட்டுப்போகும். ‘வரைவு’ என்றால் இன்னும் இறுதி செய்யப்படாத ஒன்று. ‘வார்ப்பு’ என்று நானே ஒரு கட்டத்தில் எழுதிவைத்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். வார்ப்பிலிருந்து எடுத்த பொருள் வார்ப்பிலிருந்து பிரிந்துவிடும். இங்கே பிரிவதே இல்லை, அதுதான் சிக்கலே.

நான் முன்வைப்பது ‘அட்டவணை’. இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையை எண்ணிப் பாருங்கள். எந்தத் துறையில் சட்டமியற்றும் அதிகாரம் யாருக்கு என்பதை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அது வகுக்கிறது. எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமானதாக அது இல்லை. எல்லா மாநிலங்களுக்கும் அதுவே பொது. 1976இல் 42ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டபோது, மாற்றம் நடந்தது ஒரே இடத்தில், ஆனால் அது எல்லா மாநிலங்களையும் தொட்டது. தமிழ்நாட்டில் இதை அறியாத வாசகர் குறைவு. யாருக்கு எது என்று வகுத்து வெளியே வைக்கப்பட்ட பொது ஏற்பாட்டுக்கு அட்டவணை என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் புழங்கிக்கொண்டிருக்கிறது. அது பொருந்துகிறது என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

“அட்டவணை என்றால் டேபிள், ஷெட்யூல் இரண்டும் ஆயிற்றே, நீங்கள் திட்டத்தில் கண்ட குறை இதிலும் உண்டே” என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. ஸ்பிரிண்டுக்கான ஷெட்யூலை நாம் வெறும் அட்டவணை என்று எழுதுவதில்லை, கால அட்டவணை என்றே எழுதுகிறோம். ‘அனுமதி அட்டவணை’, ‘கால அட்டவணை’ ஆகிய இரண்டையும் முன்சொல் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. டேபிள் என்ற பொருள் வந்தாலும் கேடில்லை, திரையில் அது அந்த வடிவில்தான் தெரிகிறது. அனுமதித் திட்டத்தில் இந்தப் பிரிப்பு நடக்காது, ஏனென்றால் புராஜெக்ட் முன்சொல் இல்லாமல் வெறும் ‘திட்டம்’ என்றே எங்கும் வருகிறது.

சொல் நிற்குமா என்று அறிய நான் செய்யும் சோதனை ஒன்றுதான்: அதை வினையோடு சேர்த்து வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது. “இந்த அனுமதி அட்டவணையுடன் ஏழு திட்டங்கள் இணைக்கப்பட்டுள்ளன.” “ஒரு திட்டத்துக்கு மட்டும் மாற்றம் வேண்டுமானால், அட்டவணையைப் படியெடுத்து, படியைத் திருத்தி, திட்டத்தை அதனுடன் இணைக்கவும்.” என் பழைய குறிப்பில் இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் அந்த வாடிக்கையாளர் அழைத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இதனோடு ஒட்டிய சில சொற்களையும் இப்போதே பேசிவிடலாம், தனித்தனியாகப் பேசினால் ஒன்றோடொன்று இசையாமல் போகும்.

ஒரு திட்டத்தில் ஒருவர் வகிக்கும் நிலையைக் குறிக்கும் ரோல் என்பதற்குப் ‘பொறுப்பு’ என்று நானும் நினைத்தேன். ‘கூடுதல் பொறுப்பு’ என்று அரசாணைகளில் வருவதைப்போல, ஒரே ஆள் ஒரு திட்டத்தில் நிர்வாகியாகவும் இன்னொன்றில் பார்வையாளராகவும் இருப்பதை அது அழகாகக் காட்டும். ஆனால் ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் என்ற முறைக்கான வழிகாட்டி, 2020இல் திருத்தப்பட்டபோது, ரோல் என்ற சொல்லை விட்டுவிட்டு அக்கவுண்டபிலிட்டி என்று மாற்றிக்கொண்டது. பொருள் உரிமையாளர் (புராடக்ட் ஓனர்), ஸ்க்ரம் மாஸ்டர், உருவாக்குநர்கள் ஆகியோர் எதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதே அங்கே பேச்சு. பொறுப்பு என்ற சொல் அங்கே தேவைப்படுகிறது. ஸ்க்ரம் மாஸ்டர் என்பதால் மென்பொருளில் நிர்வாக அனுமதி தானாக வந்துவிடாது, வரவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் “நான்தானே ஸ்க்ரம் மாஸ்டர், எனக்கு ஏன் திருத்த முடியவில்லை” என்ற கேள்வி வரும். எனவே மென்பொருளின் ரோலுக்கு இலங்கை வழக்கான ‘வகிபாகம்’ என்ற சொல்லை ஏற்கலாம் என்பது என் கருத்து. பங்கு என்றால் பங்குச்சந்தையும் பாத்திரம் என்றால் அடுக்களையும் நினைவுக்கு வருகின்றன. வகிபாகத்துக்கு அந்தச் சுமை இல்லை, ‘வகிக்கிறார்’ என்ற வினையும் கையோடு கிடைக்கிறது.

ஆனால் ஜிராவில் அனுமதி வகிபாகத்துக்கு மட்டும் வழங்கப்படுவதில்லை. குழுவுக்கும், தனி ஆளுக்கும், பணியைப் பதிந்தவருக்கும், இப்போது பணியை ஏற்றிருப்பவருக்கும் வழங்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பெறுநர்’ என்போம். கடிதம் எழுதப் பழகிய யாருக்கும் அது தெரியும்.

அசைன் இஷ்யூஸ், அசைனபிள் யூசர் ஆகிய இரண்டு அனுமதிகள் ஆங்கிலத்திலேயே பலரைக் குழப்புகின்றன. முன்னது பணியைப் பிறரிடம் கொடுக்கும் அனுமதி. பின்னது தன்னிடம் பணி கொடுக்கப்படத் தகுதி. ‘ஒப்படைக்கத்தக்க பயனர்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பயனரையே யாரிடமோ ஒப்படைப்பதாகத் தொனிக்கிறது. தமிழில் இதற்கு வளைந்து நெளிய வேண்டியதே இல்லை: ‘பணி ஒப்படைத்தல்’, ‘பணி ஏற்றல்’. கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

கடைசியாக, வழங்கிய அனுமதியை எடுத்துவிடுவதைக் குறிக்கும் ரிவோக். ‘மறு’ என்று எழுதியவர்கள் தயவுசெய்து மீண்டும் சிந்திக்க வேண்டும். சில இயங்குதளங்களில் கோப்புகளுக்கு அனுமதி மறுப்பு என்று தனியே ஒன்று உண்டு, அது மற்ற வழங்கல்களை வென்றுவிடும். ஜிராவின் அட்டவணையில் மறுப்பே கிடையாது, வழங்குதல் மட்டுமே உண்டு. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, இரண்டுக்கும் ஒரே அனுமதி இருந்தால், ஒரு குழுவிடமிருந்து எடுத்த பிறகும் அவரால் அதைச் செய்ய முடியும். “இவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது” என்று திரையில் எழுதினால் அது பொய். “இக்குழு வழியாக வழங்கிய அனுமதி திரும்பப் பெறப்பட்டது” என்பதே நடந்த செயல். சொல் நீளமானது என்று பொத்தானின் அகலத்தைக் காட்டி வாதிடுவீர்கள், தெரியும். பொத்தானில் ‘திரும்பப் பெறு’ என்ற இரண்டு சொற்கள் போதும்.

ஸ்பிரிண்ட் என்பதை அப்படியே எழுதியிருக்கிறேன். குறுவோட்டம், விரைவோட்டம் இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், கலந்துகொள்கிறேன். அனுமதி அட்டவணைக்கு எதிர்ப்பு உள்ளவர்கள், மேலே நான் ஓட்டிய இரண்டு வாக்கியங்களிலும் உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள். இலங்கை நண்பர்கள் ‘கருத்திட்டம்’ சேர்த்தும் ஒருமுறை வாசித்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்.