சாம் குக் இந்த லைவ் ஆல்பத்தில் ஏன் இப்படிப் பாடுகிறார்?

ராத்திரிப்பயணி:
அமெரிக்கப் பாடகர் சாம் குக் என்றால் எனக்கு 'யூ செண்ட் மீ' பாட்டுதான். வெண்ணெய் மாதிரிக் குரல். நேற்று நண்பன் சொன்னானே என்று 'லைவ் அட் த ஹார்லெம் ஸ்கொயர் கிளப், 1963' கேட்டேன். குரல் கரகரக்கிறது, கூட்டம் பாட்டுக்கு மேலே கத்துகிறது. தொண்டை கட்டியிருந்ததா, பதிவு மோசமா? அறுபதுகளின் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) லைவ் ஆல்பங்களை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, எனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

பழைய ஊசி:
தொண்டையும் கட்டவில்லை, பதிவும் மோசமில்லை. மனிதர் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) குழுவில் இருந்தவர். அந்தக் கரகரப்பு அங்கே பழகியது. ஸ்டூடியோவுக்குள் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட பதிவு நடந்தது 1963 ஜனவரி 12. இடம், மயாமியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓவர்டவுன் பகுதி. சாக்ஸபோனில் கிங் கர்டிஸ். உங்களுக்கு வந்த சந்தேகம் ஆர்.சி.ஏ. ரெக்கார்டு கம்பெனிக்கும் வந்தது, ரொம்ப முரடாக இருக்கிறது என்று நாடாவை உள்ளே போட்டுவிட்டார்கள். 1964இல் நியூயார்க்கின் கோப்பகபானா கிளப்பில், சாப்பாட்டு மேசைகளுக்கு முன்னால் அவர் பாடிய ஆல்பம்தான் கடைக்கு வந்தது. அதே வருட டிசம்பரில் செத்தும் போனார். மயாமி பதிவு வெளிவந்தது 1985இல்!

'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' தொடங்கும் முன் காதலிக்கு ஃபோன் போடுவது போல ஒரு கதை சொல்வார், கவனித்தீர்களா? ஆபரேட்டரிடம் மன்றாடி, லைன் கிடைத்ததும் உங்கள் 'யூ செண்ட் மீ'யில் ஒரு சிட்டிகை பாடிவிட்டு நகர்ந்துவிடுவார். கூட்டம் அதற்குள் கொதித்துவிடும். நான் மேடைகளுக்கு மைக் கட்டிப் பிழைத்தவன். கூட்டத்தின் சத்தத்தை அமுக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். இங்கே அதை அமுக்கினால் பாட்டில் பாதி போய்விடும்.

அடுத்து ஜேம்ஸ் பிரவுனின் அப்போலோ ஆல்பம். 1962 அக்டோபர் 24, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அப்போலோ அரங்கு. ஏற்கெனவே வந்த பாட்டுகளை யார் மறுபடி வாங்குவார்கள் என்று கிங் ரெக்கார்ட்ஸ் முதலாளி சிட் நேதன் பணம் தர மறுக்க, பிரவுன் தன் கைக்காசு 5,700 டாலரைப் போட்டார். ஆல்பம் 66 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்றது. அதில் 'லாஸ்ட் சம்ஒன்' பத்து நிமிடத்துக்கு மேல். பேண்ட் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இவர் குரலை இறக்கி இறக்கிக் கெஞ்சுவார், இருட்டிலிருந்து ஒரு பெண் வீறிடுவாள். எல்.பி. இசைத்தட்டில் இந்தப் பாட்டு பாதியில் அறுந்து மறுபக்கம் போகும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பும்வரை அந்த அலறல் அறைக்குள்ளேயே நிற்கும்.

கோடைஇடி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் என் ஓட்டு ஓட்டிஸ் ரெடிங்கின் 'லைவ் இன் யூரோப்'புக்கு. 1967 மார்ச்சில் ஐரோப்பாவில் எடுத்தது. பின்னால் வாசிப்பது 'புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ்' குழு. 'ரெஸ்பெக்ட்' பாட்டை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடுகிறார்.

சிறுவிரல்:
ஸ்டீவி வொண்டர் சிறுவனாக இருந்தபோது மேடையில் பாடிய 'ஃபிங்கர்டிப்ஸ்' இரண்டாம் பகுதியை விட்டுவிட்டீர்களே! பையன் முடித்துவிட்டுப் போய்விட்டான் என்று அடுத்த பாடகியின் பேஸ் கிதார்க்காரர் மேடையேறிவிடுவார். பையன் திரும்பி வந்து பாட ஆரம்பித்ததும் அவர் பதறி "என்ன கீ? என்ன கீ?" (எந்தச் சுருதி?) என்று கத்துவது அப்படியே பதிவாகியிருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு அது.

ராத்திரிப்பயணி:
ஹார்லெம் ஸ்கொயரை மறுபடி கேட்டேன், இந்த முறை ஹெட்போன் இல்லாமல். 'ஃபார் செண்டிமெண்டல் ரீசன்ஸ்' வரும்போது கூட்டமே சேர்ந்து பாடுகிறது. முதல் தடவை இதைத்தான் இரைச்சல் என்று நினைத்திருக்கிறேன். அப்போலோவை இன்று ராத்திரிக்கு வைத்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரர் ஊரில் இல்லை.