வயிற்றுத் தோல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கங்க. பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு சிசேரியன், அப்புறம் 24 கிலோ குறைத்தேன். அடிவயிற்றுத் தோல் மட்டும் மடிந்து தொங்குகிறது. சித்திரை வெயிலில் அந்த மடிப்பு வேர்த்துப் புண்ணாகி, பாவாடை நாடா பட்டாலே எரிகிறது. அழகுக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் இந்த எரிச்சல்தான் தாங்க முடியவில்லை.

லைப்போசக்‌ஷன் கொழுப்பைத்தான் எடுக்கும், தொங்கும் தோல் போகாது. டம்மி டக் என்றால் அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை கீறி, மிச்சத் தோலை எடுத்து, விலகிய தசையையும் இழுத்துத் தைப்பார்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். வீட்டில் மூன்று எருமை. தீவனக்கூடை நான்தான் தூக்க வேண்டும்.

கோவையிலோ ஈரோட்டிலோ செய்துகொண்ட அக்காக்கள் இருக்கிறீர்களா? ஆபரேஷன் செய்த இடத்தில் சேரும் நீர் வடிய வைக்கும் குழாய் (டிரெய்ன்) எத்தனை நாள் இருந்தது? எப்போது நிமிர்ந்து நடந்தீர்கள்? செலவு எவ்வளவு? தனியாகச் சொன்னாலும் சரிங்க.